சாத்தானுக்குத் தண்ணீர்ப் புகை

ஏஞ்சலின் அந்தச் செவ்வாய்க்கிழமை முழுவதும் முதுகில் இரண்டு தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டிக்கொண்டுதான் துணி தைத்தாள்.

பெரிய பாட்டில் இல்லை. இருமல் மருந்து வருமே, அந்த அளவுதான். நைட்டிக்கு உள்ளே, தோளுக்கு ஒன்றாக, எலாஸ்டிக் பட்டையால் இறுக்கியிருந்தாள். ஒவ்வொன்றின் வாயிலும் காசு அளவுக்கு ஒரு வட்டத் தகடு. அதிலிருந்து வயர் இறங்கி, இடுப்புப் பையில் இருந்த பவர் பேங்குக்குப் போனது. கழுத்து வழியாகப் புகை வெள்ளை வெளேரென்று எழும்பி, காதோரம் சுற்றிவிட்டுத் தையல் மிஷின் மேல் இறங்கியது. தைத்த ரவிக்கையை வாங்க வந்த பெண்மணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏஞ்சலினு, உன் மேல புகையுதுடி."

"தெரியும்க்கா. தண்ணிப் புகைதான். உள்ள வாங்க, கைய வச்சுப் பாருங்க."

அவள் கையை வைக்கவில்லை. ரவிக்கையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மத்தியானத்துக்குள் நாகல் நகரில் அந்தத் தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. வேஷ உடை ஏஞ்சலினுக்கு வெயில் தலைக்கேறிவிட்டதாம், உடம்பெல்லாம் புகைகிறதாம். சொல்லிவிட்டுப் போகட்டும். அவளுக்குத் தலைக்கேறியிருந்தது வெயில் இல்லை, பயம்.

முப்பத்தொன்பது வயது அவளுக்கு. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கு வேஷ உடை தைத்து வாடகைக்கு விடுவதுதான் பிழைப்பு. மயில், சிங்கம், போலீஸ், தக்காளி, கத்தரிக்காய் என்று வீடு முழுக்க மூட்டைதான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் வீட்டுக்காரர் பிரான்சிஸ் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து, சிங்கத்தையும் தக்காளியையும் நகர்த்தித்தான் பாய் விரிப்பார். அம்மா செத்தபோது இவளுக்குப் பதினெட்டு, தம்பி ஜெரோமுக்கு ஏழு. குளிப்பாட்டி விட்டது, தலை சீவி விட்டது, பத்தாவதில் கோட்டை விட்டபோது விளக்குமாற்றை எடுத்து விளாசியது, எல்லாம் இவள்தான். பிள்ளை என்று தனியாக ஒன்று பிறக்கவில்லை. அதைப் பற்றி யாராவது இழுத்தால், "எனக்கு இருக்கானே ஒருத்தன், அவன் பத்தாதா" என்று முடித்துவிடுவாள்.

அந்த ஒருத்தன் இப்போது குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் திண்டுக்கல்லுக்கும் காய்கறி மூட்டை அடிக்கிறான். குடியிருப்பது சாணார்பட்டிப் பக்கத்தில் சொந்த ஊரில். அந்த ஊர்க் கோயிலில் ஈஸ்டர் முடிந்த வாரம் மூன்று நாள் ஏசுவின் கதையை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகம் நடக்கும். ஏசுவாக யார் வேண்டுமானாலும் நடிக்கலாம், சாந்தமாக நின்றால் போதும். சாத்தானுக்கு மட்டும் ஜெரோமை விட்டால் ஆள் கிடையாது. தொண்டை அப்படி. சிரித்தான் என்றால் கைப்பிள்ளைகள் வீறிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாடக வாத்தியார் செபஸ்தியானுக்கு ஓர் ஆசை வந்தது. சாத்தான் நரகத்திலிருந்து வருகிறவன், உடம்பு புகைய வேண்டாமா என்றார். ஏஞ்சலின்தான் ஒரு பால் டின்னில் கரித்துண்டும் சாம்பிராணியும் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, தம்பியின் முதுகில் கட்டினாள். மேலே கறுப்பு நைலான் அங்கியைப் போர்த்திவிட்டாள். இரண்டாவது வசனத்தில் டின் குப்பென்று பற்றியது. நைலான் உருகித் தோளோடு ஒட்டியது. சனம் அதையும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டியது. ஜெரோம் பல்லைக் கடித்துக்கொண்டு வசனத்தை முடித்துவிட்டுத்தான் திரைக்குப் பின்னால் வந்து விழுந்தான். இருபத்தாறு நாள் பெரியாஸ்பத்திரி. பின்கழுத்திலிருந்து வலது தோள் வரைக்கும் தோல் இன்றைக்கும் சுருங்கித்தான் கிடக்கிறது.

அந்த டின்னைக் கட்டியது தன் கை என்பதை ஏஞ்சலின் ஒருநாளும் மறக்கவில்லை. கூடப் பிறந்தவளே கொளுத்திவிட்டாள் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. அவளே சொல்லிக்கொண்டாள், தினமும். வீட்டில் சாம்பிராணி போடுவதை நிறுத்திவிட்டாள். தம்பி கல்யாணத்தன்று, மாப்பிள்ளைக்குக் காலரைச் சரிசெய்யச் சொன்னார்கள். பின்கழுத்துக்கு அருகே போன கை அப்படியே நின்றுவிட்டது. யாரோ ஒரு சித்தி வந்து சரிசெய்தாள்.

இரண்டு வருஷம் வேறொருவன் சாத்தானாக வந்தான். சனம் சிரித்துத் தள்ளிவிட்டது. இந்த வருஷம் ஜெரோமே திரும்ப நடிப்பதாக ஒத்துக்கொண்டான் என்று செபஸ்தியான் போனில் சொன்னபோது ஏஞ்சலின் மிஷினை நிறுத்தினாள்.

"புகையெல்லாம் வேணாம்ணே."

"புகை இல்லாம எப்படித்தா? போன வருசம் பாத்தேல்ல, சாத்தான் வந்தா சனம் வேர்க்கடலை தின்னுக்கிட்டு இருக்கு. இப்ப கலர் புகைக் குச்சி வந்துருக்கு. சிவகாசிப் பக்கமிருந்து ரெண்டு வாங்கி வச்சிருக்கேன். பெல்ட்டுல சொருகிப் பத்த வச்சா ரெண்டு நிமிசம் நிண்டு புகையும்."

"பத்த வச்சா?"

"பத்த வைக்காமப் புகை வருமா?"

"வரும்," என்றாள் ஏஞ்சலின். எப்படி வரும் என்று அப்போது அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது. "நான் வர வைக்கிறேன். அதுவரைக்கும் அந்தக் குச்சிய எந்தம்பி பக்கம் கொண்டாராதீங்க."

"சரித்தா, நீ செஞ்சு குடு. உன்னுது வேலை செய்யலைன்னா எனக்கு வேற வழியில்ல, சொல்லிப்புட்டேன்," என்றார் அவர். ஆக, இவள் புகை தோற்றால் ஜெரோம் முதுகில் மறுபடியும் நெருப்பு.

பேகம்பூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இஃப்பத், ஏஞ்சலினோடு பன்னிரண்டாவது வரை ஒரே பெஞ்சு. கதையைக் கேட்டுவிட்டு, மூலையில் கிடந்த ஒரு சின்ன இயந்திரத்தை எடுத்து வைத்தாள். ஏசி அறையில் காற்று காய்ந்துபோகாமல் மேசை மேல் வைப்பார்களே, தண்ணீரைப் புகையாக ஊதும் டப்பா, அது. யாரோ ரிப்பேருக்குக் கொடுத்து வாங்காமலே போனது.

"இதுல சூடே கெடையாதுடி," என்றாள் இஃப்பத், உள்ளே இருந்த தகட்டைக் கழற்றிக்கொண்டே. "நடுவுல பாரு, கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நூத்துக் கணக்குல இருக்கு. கரண்டு குடுத்தா இது நடுங்கும். நடுங்குற நடுக்கத்துல தண்ணி பொடிப் பொடியாத் தெறிக்கும். அம்புட்டுத்தான்."

பாட்டிலுக்குள் பஞ்சுத் திரி போட்டு, திரியின் தலை தகட்டைத் தொடும்படி வைத்தார்கள். அப்படியானால் சாத்தான் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் தண்ணீர் கொட்டாது. மீனுக்குக் காற்று விடும் மெல்லிய குழாயை முதலில் மாட்டினார்கள். புகை அதற்குள்ளேயே தண்ணீராகிச் சொட்டியது. பிறகு வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறும் தடித்த வளைகுழாயை வெட்டி வைத்ததும் வழி கிடைத்தது. தள்ளிவிட, பழைய கம்ப்யூட்டரில் இருந்து ஒரு குட்டி விசிறி. பவர் பேங்கைத் தண்ணீர் அண்டாமல் இரட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாட்டிலை விட்டுத் தள்ளி இடுப்பில் வைத்தார்கள். அங்கியை இந்த முறை பருத்தியில் தைத்தாள் ஏஞ்சலின். நைலான் நூல் ஒன்றுகூடச் சேரவில்லை.

முதல் தகடு இரண்டே நாளில் செத்தது. தெருக்குழாயில் வரும் போர் தண்ணீரை ஊற்றியிருந்தாள். திண்டுக்கல் போர் தண்ணீர் குடத்தின் அடியிலேயே வெள்ளை பூக்க வைக்கும், இத்தனை நுண்ணிய ஓட்டையை விடுமா? உப்புப் படிந்து அடைத்துவிட்டது. இஃப்பத் வேறு தகடு மாட்டிக் கொடுத்துவிட்டு, லாரி பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரை வாங்கச் சொன்னாள். அதற்கப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சுடவில்லை. சுருக்கென்று கரண்டும் அடிக்கவில்லை. முதுகு ஈரமானதுதான் மிச்சம். புகைக்குள் ஒரு தீக்குச்சியை நீட்டினாள், அது உஸ்ஸென்று அணைந்தது. அதற்கு மேலும் நம்பிக்கை வராமல் இன்னொரு தீக்குச்சியையும் நீட்டிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை ஜெரோம் வண்டியோடு வந்து எல்லாவற்றையும் வாங்கிப் போனான். பாட்டில் மேல் காகிதப் பட்டை ஒட்டி, பேட்டரித் தண்ணீர் மட்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்.

"உப்புத் தண்ணி பட்டா செத்துரும், தம்பி. கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா," என்றான். என்னவோ சொல்ல வாயெடுத்தவன் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினான்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நாடகம் தொடங்கியது. கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறைதான் வேஷம் கட்டும் இடம். அதன் பின்வாசலைத் திறந்தால் மேடை. பாஸ்காவில் நடிக்கிற எல்லோரும் அன்றைக்குக் காலையில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, ஒரு வேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்துதான் வேஷம் கட்ட வேண்டும். சாத்தானுக்கும் அதே சட்டம்தான். ஜெரோம் சோர்ந்த முகத்தோடு, உடம்பெல்லாம் கரி பூசிக்கொண்டு, கன்னத்தில் சிவப்பு மை தீட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மூன்றாவது காட்சி அவனுடையது. பாலைவனத்தில் ஏசு நாற்பது நாள் நோன்பிருக்கும் பாட்டு முடிந்ததும் அவன் போக வேண்டும்.

ஏஞ்சலின் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பையை வைத்தவுடன் சுவிட்சைத்தான் அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. புகை மட்டும் வரவில்லை.

பாட்டிலைக் கழற்றினாள். தகட்டின் மேல் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. இன்னொன்றிலும் அப்படியே. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

"யாருடா தண்ணி ஊத்துனது?"

ஜெரோம் முழித்தான். "நான் தொடவே இல்லக்கா. காலைல பசங்களுக்குப் போட்டுக் காட்டுனேன், நல்லாத்தான் வந்துச்சு."

கதவோரம் நின்றிருந்த ஷைனி அழத் தொடங்கினாள். ஜெரோமின் மனைவி, ஆறு மாதக் கர்ப்பிணி.

"நாந்தான் மதினி. தீர்த்தம் ஊத்துனேன்."

ஏஞ்சலினுக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அந்தப் பெண்ணின் பயம் அவளுக்கு விளங்காமலில்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு, புருஷன் மூன்று நாள் கொம்பு வைத்து ஆண்டவரை எதிர்த்துப் பேசுவதைப் பார்க்க எவளுக்கு மனசு வரும்? வேண்டாம் என்று சொல்லத் துணிச்சலில்லை. உடம்பில் ஒட்டியிருக்கிற தண்ணீராவது மந்திரித்த தண்ணீராக இருக்கட்டும் என்று பேட்டரித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தீர்த்தத்தை ஊற்றியிருக்கிறாள். தீர்த்தம் மந்திரிக்கும்போது உப்புச் சேர்ப்பார்கள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமைக்கு நிரப்பும் டிரம்மில், கோயில் வேலைகளைப் பார்க்கும் இந்த ஊர் உபதேசியார் ஒரு சிட்டிகையோடு விடுகிற ஆளில்லை, கல் உப்பைக் கைகையாக அள்ளிப் போடுவார். காலையில் ஓடிய மட்டும் ஓடி, மத்தியான வெயிலில் காய்ந்து, அத்தனை ஓட்டையும் அடைத்துவிட்டது.

"என்னத்தா ஆச்சு?" என்று செபஸ்தியான் உள்ளே வந்தார். பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பெட்டியைத் திறந்து புகைக் குச்சியை எடுத்தார்.

"அண்ணே, அத வைங்க. அஞ்சு நிமிசம் குடுங்க."

"ஏது அஞ்சு நிமிசம்? அங்க பாட்டு ஆரம்பிச்சாச்சு. இதுல தீயே வராதும்மா, வெறும் புகைதான். ரெண்டே நிமிசம்."

"அக்கா, விடு," என்றான் ஜெரோம். சொன்னதோடு நிற்காமல் எழுந்து, குச்சியைச் சொருக வாகாக முதுகைத் திருப்பிக் காட்டினான். "ரெண்டு நிமிசம்தான, சமாளிச்சுக்கிறேன்."

கரி பூசியும் மறையாமல் அந்தச் சுருங்கிய தோல் தெரிந்தது.

"உக்காருலே," என்றாள் ஏஞ்சலின். அப்படி ஒரு குரல் தனக்கு இருப்பது அவளுக்கே தெரியாது. ஜெரோம் உட்கார்ந்துவிட்டான். செபஸ்தியானும் ஓர் அடி பின்னால் போனார்.

"பாட்ட இன்னொரு தடவ பாடச் சொல்றேன்," என்றார் அவர். "அதுக்கு மேல என்னால இழுக்க முடியாதுத்தா. பாட்டு முடியுறப்ப புகை வரலைன்னா நானே வந்து கட்டிருவேன்." குச்சியை மேசை மேல் வைத்துவிட்டு, மேடைக்கு அந்தப் பக்கம் ஓடினார்.

"ஷைனி, அழுதது போதும். வெளிய டீக்கடை பாய்லர்ல வெந்நி ஒரு டம்ளர் வாங்கிட்டு வா. மெதுவாப் போ, ஓடாத."

வெந்நீர் வந்தது. தகடுகளை அதில் போட்டாள். உப்புத்தானே, கரையத்தான் வேண்டும். மேக்கப் பெட்டியிலிருந்து பஞ்சைப் பிய்த்துப் புதுத் திரி உருட்டினாள். பழைய திரியெல்லாம் உப்பு ஊறிக் கிடந்தது. பாட்டிலைக் கழுவி, பையில் மாற்றுக்குக் கொண்டுவந்திருந்த பேட்டரித் தண்ணீரை ஊற்றினாள். மேடையில் முதல் தடவை பாட்டு முடிந்தது. ஒரு நொடி சத்தமில்லை. ஆர்மோனியம் மறுபடியும் பல்லவியை எடுத்தது. கூட்டத்தில் யாரோ, "ஏலே, நாப்பது நாளையும் பாட்டுலயே ஓட்டிருவாய்ங்க போல" என்று கத்துவது கேட்டது.

ஒரு தகட்டை மாட்டிப் பார்த்தாள். மெல்லிசாக ஒரு கோடு புகை வந்து நின்றுவிட்டது. மறுபடி வெந்நீரில் போட்டு, காது குடையும் பஞ்சால் துடைத்தாள்.

"ஒருதடவ என் புத்தி பீத்தப் புத்தியாப் போயி, நெருப்ப உன் முதுகுல கட்டுனேன்," என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். "மூணு வருசமா ஒரு ராத்திரி ஒழுங்காத் தூங்கல தம்பி. இன்னொரு தடவ என் கண்ணு முன்னால கட்ட விடமாட்டேன். புகை வரலைன்னா நீ மேடையேற வேணாம். ஊரு சிரிக்கட்டும்."

ஜெரோம் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அன்னைக்கு அந்த டின்னு நீ கட்டுனதால பத்தல."

அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீ கட்டிட்டு வெளிய போனேல்ல. சாம்பிராணிப் புகை கொஞ்சமாத்தான் வந்துச்சு. நான் அத எறக்கி, ரெண்டு வெடிய உரிச்சு, மருந்த உள்ள போட்டுட்டேன். ஆஸ்பத்திரில நீ அழுதப்பவே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு. அப்பறம் நாளாக நாளாக வாய் வரல. இன்னைக்குக் காலைல சாமியார்கிட்ட சொன்னேன். முதல்ல போயி உங்கக்காகிட்ட சொல்லுன்னுட்டாரு."

ஷைனி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

ஏஞ்சலின் தகட்டை மாட்டினாள். சுவிட்சை அமுக்கினாள். வலது பக்கம் நாலு சொட்டைத் துப்பிவிட்டு வெள்ளையாக எழும்பியது. இடது பக்கமும் எழும்பியது. மேடையில் கடைசிச் சரணம். இரண்டு பாட்டிலையும் தம்பியின் தோளில் வைத்துப் பட்டையை இறுக்கினாள். விரல்கள் அந்தச் சுருங்கிய தோலின் மேல் பட்டன, அவள் கையை எடுக்கவில்லை. வயரைச் சரிபார்த்தாள். அங்கியைப் போர்த்திக் கொக்கியை மாட்டினாள். அப்புறம் அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, இடது கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டாள்.

அவன் தடுக்கவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"போ," என்றாள். "பாட்டு முடிஞ்சிருச்சு."

கதவைத் திறந்து தள்ளிவிட்டாள். பின்னாலிருந்து சிவப்பு விளக்கு அடித்ததும், சாத்தானின் கழுத்தைச் சுற்றி, தோள் வழியாக, கை நுனி வரை புகை வழிந்து இறங்கியது. முன்வரிசையில் பிள்ளைகள் எழுந்து பின்னால் ஓடின. ஜெரோம் சிரித்தான். அந்தத் தொண்டை எங்கேயும் போயிருக்கவில்லை. ஏஞ்சலின் கதவிடுக்கில் நின்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வசனம் வந்தது, போனது. மூன்றாவது போனது. எதுவும் பற்றவில்லை. காட்சி முழுவதும் அவன் குனிந்தான், நிமிர்ந்தான், ஏசுவின் காலடியில் விழுந்து புரண்டான். ஈரப் புகை வந்துகொண்டே இருந்தது.

காட்சி முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் செபஸ்தியான் மூச்சிரைக்க ஓடி வந்தார். புகைக் குச்சி மேசை மேலேயே கிடந்தது, அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏஞ்சலினு, புகை அபாரம்த்தா. அதவிட அந்தக் கன்னத்துல நாலு விரலு பதிச்சிருக்க பாரு, மையி அப்படியே வழிச்ச மாதிரி, ஆண்டவரே அறைஞ்சது கணக்கா. எங்கருந்துதான் யோசனை வருதோ உனக்கு. நாளைக்கும் மறக்காமப் போட்டு விட்ரு."

"போட்டு விடுறேன்ணே," என்றாள் ஏஞ்சலின்.

அவர் போனதும் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஷைனி பக்கத்தில் வந்து தயங்கி நிற்க, அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அழுது முடித்து வலது கையை விரித்துப் பார்த்தாள். தம்பியை எரித்த கை என்று மூன்று வருஷமாக அவள் நம்பியிருந்த கை. அதில் கொஞ்சம் கரியும் சிவப்பு மையும் ஒட்டியிருந்தன, அவ்வளவுதான்.